குற்றாலத்தில் கைதான பத்திரிகை ஆசிரியர்
வாய்ச் சொல்லுக்கும் அச்சுக்கும் சட்டம் வைத்த விலை

சீசன் நேரத்தில் ஐந்தருவிக்குப் போனால் கால் வைக்க இடம் இருக்காது. எண்ணெய் தேய்க்கிறவர், பழக்கடைக்காரர், துண்டு விற்கிறவர், பஸ்சுக்கு ஓடுகிறவர் என்று ஒரே கூட்டம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பாதி. உடம்பு தேறினால் போதும் என்று வருகிறவர்கள் மீதி.

1908-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அப்படி உடம்பு தேறுவதற்காகக் குற்றாலம் வந்திருந்தார் ஒருவர். வயது 53. தோல் நோயால் அவதி. அருவித் தண்ணீர் பட்டால் குணம் தெரியும் என்று வந்தவரைத் தேடி வந்தது வைத்தியர் அல்ல, போலீஸ்!

அவர் கொலை செய்தவர் அல்ல, கொள்ளை அடித்தவரும் அல்ல. பத்திரிகையில் எழுதினார். அதுதான் குற்றம்.

அவர் பெயர் ஜி.சுப்பிரமணிய அய்யர். இங்கிலீஷில் இந்து பத்திரிகையையும், தமிழில் சுதேசமித்திரனையும் தொடங்கியவர். மான நஷ்ட வழக்கு, ராஜதுரோக வழக்கு இரண்டையும் பார்த்தவர். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. அவர் கதையைப் படித்தால் தெரியும்.

வாத்தியார் வேலை

தஞ்சை ஜில்லா திருவையாறில் 1855-ம் ஆண்டு ஜனவரி 19-ந்தேதி பிறந்தார். தகப்பனார் கணபதி அய்யர் முன்சீப் கோர்ட்டு வக்கீல். பிள்ளைகள் நிறைய. பெரிய சொத்து எதுவும் இல்லை.

தஞ்சாவூர் செயிண்ட் பீட்டர்ஸ் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி முடித்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே 1877-ல் பி.ஏ. பாஸ் செய்தார்.

திருவல்லிக்கேணியில் வாடகை வீடு, மாதச் சம்பளம், பென்சன் என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். விதி விடவில்லை.

1 ரூபாய் 12 அணா

1878-ம் ஆண்டு டி.முத்துசாமி அய்யர் சென்னை ஐகோர்ட்டு நீதிபதியாக நியமிக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. வெள்ளைக்காரர்கள் நடத்திய சென்னைப் பத்திரிகைகளுக்கு அது பொறுக்கவில்லை. நியமனத்தைத் தாக்கி எழுதின.

நீதிபதி நாற்காலியில் இருப்பவர் பேனா எடுத்துப் பதில் எழுத முடியாது. அவருக்காக எழுத இந்தியர்கள் கையிலும் நல்ல பத்திரிகை இல்லை. அடி வாங்கியவருக்கு வாயே இல்லாத நிலைமை.

இதைப் பார்த்துத் திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கொதித்தார்கள். சுப்பிரமணிய அய்யரும் எம்.வீரராகவாச்சாரியாரும் வாத்தியார்கள். மற்ற நாலு பேர் சட்டம் படிக்கும் மாணவர்கள். கையில் காசு இல்லை. 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20-ந்தேதி இந்து வார இதழ் வெளிவந்தது. சுப்பிரமணிய அய்யர்தான் ஆசிரியர். அப்போது அவருக்கு வயது 23.

ஒருவர் பெயரைக் கெடுக்கும் எழுத்துக்குப் பதில் எழுதப் பிறந்த பத்திரிகை அது. பின்னாளில் அதே பத்திரிகை, பிறர் பெயரைக் கெடுத்ததாகக் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டது!

வாய்ச் சொல்லும் அச்சும்

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாலு பேர் காதில் விழும்படி ஒருவனைத் திருடன் என்று சொல்வது ஒரு வகை. அதையே எழுதி, அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுப்பது இன்னொரு வகை. வாயால் சொல்வதை இங்கிலீஷ் சட்டம் ஸ்லாண்டர் என்கிறது. எழுத்து, அச்சு, படம் என்று நிலைத்து நிற்பதை லைபல் என்கிறது. தமிழில் இரண்டுமே அவதூறுதான்.

பெயர் மட்டும் அல்ல, விளைவும் வேறு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் லைபல் வழக்குப் போட்டவர் தனக்குப் பண நஷ்டம் வந்தது என்று காட்ட வேண்டியிருக்கவில்லை. அச்சில் வந்தது, பெயர் கெட்டது, அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் ஸ்லாண்டர் என்றால், அந்தப் பேச்சால் இன்ன நஷ்டம் என்று கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வழக்கு தள்ளுபடி.

சில விதிவிலக்குகள் அன்றைக்கு இருந்தன. ஜெயிலுக்குப் போகும்படியான குற்றம் செய்தான் என்று சொன்னாலோ, தொற்று நோய்க்காரன் என்று சொன்னாலோ, செய்யும் தொழிலுக்கே லாயக்கு இல்லாதவன் என்று சொன்னாலோ நஷ்டக் கணக்குத் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினால்? அது அந்தப் பட்டியலில் இல்லை! பண நஷ்டம் எவ்வளவு என்றுதான் அவளிடமும் கேட்டார்கள்.

சுப்பிரமணிய அய்யர் இந்து ஆசிரியராக இருந்த 1880-களில் சென்னை ஐகோர்ட்டுக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. ஒரு பெண்ணைப் பார்த்து ஒருவன், அவள் முறைப்படி கல்யாணம் ஆன மனைவியே அல்ல என்று ஏசிவிட்டான். அவள் மான நஷ்ட வழக்குப் போட்டாள். இங்கிலீஷ் விதிப்படி பார்த்தால் வழக்கு நிற்காது. எழுத்து இல்லை, வெறும் பேச்சு. பண நஷ்டமும் இல்லை.

தலைமை நீதிபதி டர்னர் காலத்து ஐகோர்ட்டு அந்த விதியை ஏற்கவில்லை. நியாயமான அடிப்படை இல்லாத அந்த விதியை இந்த நாட்டுக் கோர்ட்டுகள் பின்பற்ற வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணின் வழக்கு நின்றது.

இங்கிலாந்தில் இதற்கு வழி பிறக்க 1891 வரை ஆனது. பெண்ணின் கற்பைப் பழித்துப் பேசினால் நஷ்டம் காட்டாமலே வழக்குப் போடலாம் என்று அந்த ஆண்டுதான் தனிச்சட்டம் போட்டார்கள். சென்னை முந்திக்கொண்டது.

கிரிமினல் சட்டமோ அதற்கு முன்பே தெளிவாக இருந்தது. 1862-ல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவில் பேச்சு, எழுத்து, சைகை, படம் எல்லாம் ஒன்றுதான். எந்த வழியில் பெயரைக் கெடுத்தாலும் 500-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பத்திரிகைக்காரன் தப்பும் வழி

அப்படியானால் பத்திரிகையில் யாரைப் பற்றியும் எழுதவே முடியாதா? முடியும். 499-வது பிரிவிலேயே 10 விதிவிலக்குகள் இருக்கின்றன.

முதல் விதிவிலக்கு: சொன்னது நிஜமாக இருந்து, அதை வெளியிடுவது பொது நன்மைக்காக என்றால் குற்றம் இல்லை. இரண்டாவது: சர்க்கார் உத்தியோகஸ்தரின் உத்தியோக நடத்தையைப் பற்றி நல்லெண்ணத்துடன் கருத்துச் சொன்னால் குற்றம் இல்லை. கோர்ட்டு நடவடிக்கையை நடந்தது நடந்தபடி எழுதினாலும் குற்றம் இல்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கிரிமினல் வழக்கில் நிஜம் மட்டும் போதாது, பொது நன்மையும் வேண்டும். அடுத்த வீட்டுக்காரரின் பழைய குடும்ப ரகசியம் நிஜமாகவே இருந்தாலும் அதை ஊரெல்லாம் பரப்பினால் மாட்டிக்கொள்ளலாம். சிவில் வழக்கில் மட்டும் நிஜம் என்று நிரூபித்தாலே போதும்.

சுப்பிரமணிய அய்யரின் பேனா உத்தியோகஸ்தர்களைத்தான் குறி வைத்தது. கவர்னர் கிராண்ட் டப் காலத்தில் 1882-ல் நடந்த சேலம் கலவரத்தை சர்க்கார் கையாண்ட விதத்தை இந்து விளாசித் தள்ளியது. கலெக்டர் என்றும் பார்க்கவில்லை, துரை என்றும் பார்க்கவில்லை. படித்தவர்கள் கைதட்டினார்கள். அடி பட்டவர்கள் வக்கீலைத் தேடிப் போனார்கள்.

மான நஷ்ட வழக்கில் தோற்றால்தான் நஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெயித்தாலும் நஷ்டம்தான். வக்கீல் பீஸ், சாட்சிப் படி, வாய்தாவுக்கு வாய்தா அலைச்சல். சந்தாப் பணமே ஒழுங்காக வராத பத்திரிகைக்கு அது தாங்குமா? இந்து கடனில் மூழ்கியது.

ஊர் வாய்

இன்னொரு பக்கம் வீட்டிலும் புயல். அவருடைய மூத்த மகள் சிறு வயதிலேயே விதவை ஆனாள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணை மூலையில் உட்கார வைப்பார்கள். விதவை மறுமணம் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த தகப்பன் என்ன செய்தார்? 1889-ல் பம்பாயில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அங்கேயே மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார்.

அவ்வளவுதான்! உறவு ஜனம் ஒதுக்கி வைத்தது. சாதிக்காரர்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. இங்கிலீஷ் பத்திரிகையில் சர்க்காரை எழுதினால் பாராட்டியவர்களே, சொந்த வீட்டு வழக்கத்தை எழுதினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அச்சில் வந்தால் கையெழுத்துப் போட்ட ஆள் உண்டு, கோர்ட்டுக்கு இழுக்கலாம். ஊர் வாய்க்கு எந்த ஆளைப் பிடிப்பது?

சீர்திருத்தப் பேச்சால் கூட்டாளிக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. கடனும் கழுத்தை நெரித்தது. 1898-ல் கூட்டு முறிந்தது. 20 ஆண்டு வளர்த்த இந்துவை வீரராகவாச்சாரியார் கையில் விட்டுவிட்டு வெளியே வந்தார்.

தமிழுக்கு வந்தார்

வெறும் கையோடு வரவில்லை. 1882-லேயே சுதேசமித்திரன் என்று தமிழ் வாரப் பத்திரிகை தொடங்கி இருந்தார். 1899-ல் அதைத் தினசரி ஆக்கினார். கச்சேரி குமாஸ்தாவும் கடைத்தெரு வியாபாரியும் உலக விஷயத்தைத் தமிழில் தினமும் படிக்க வழி பிறந்தது.

1904-ல் மதுரையில் தமிழ் வாத்தியாராக இருந்த இளைஞர் ஒருவரைக் கூட்டி வந்து உதவி ஆசிரியர் வேலை கொடுத்தார். அந்த இளைஞர்தான் மகாகவி பாரதியார்.

அய்யர் சாதாரண ஆளும் அல்ல. 1885-ல் பம்பாயில் நடந்த காங்கிரசின் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தைக் கொண்டு வந்தவரே அவர்தான். 1897-ல் லண்டன் போய் வெல்பி கமிஷன் முன்னால் இந்தியாவின் வறுமைக்குச் சாட்சி சொன்னவர். இங்கிலீஷில் எழுதியவரை சர்க்கார் ஓரளவு பொறுத்துக்கொண்டது. தமிழில் எழுதினால் ஜனங்களுக்குப் புரியும். அதுதான் சர்க்காருக்குப் பயம்.

1908: நெல்லை எரிந்தது

1908 மார்ச் 12-ந்தேதி வ.உ.சிதம்பரம் பிள்ளை கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலை மாதம் வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை. அதே ஜூலையில் பம்பாயில் திலகருக்கு 6 ஆண்டு. இரண்டு வழக்கிலும் முக்கியப் பிரிவு ஒன்றுதான்: 124-ஏ, ராஜதுரோகம்.

அடுத்த மாதம் அதே பிரிவு குற்றாலத்துக்கு வந்தது. சுதேசமித்திரனில் வந்த கட்டுரைகளுக்காக சுப்பிரமணிய அய்யர் கைது. குற்றாலம் அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லா. கலவரச் சூடு இன்னும் ஆறாத ஜில்லா.

மான நஷ்ட வழக்குக்குப் பழகிய ஆசிரியர்தானே, இதையும் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கலாம். இல்லை. இது வேறு ஜாதி வழக்கு.

அவதூறு வழக்கில் புகார் கொடுப்பவர் பெயர் கெட்ட மனிதர். ராஜதுரோகத்தில் புகார்தாரரே சர்க்கார். அவதூறுக்கு அதிகபட்சம் 2 ஆண்டு. ராஜதுரோகத்துக்கு தீவாந்திர சிட்சை வரை போகலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அவதூறு வழக்கில், எழுதியது நிஜம், பொது நன்மைக்காக எழுதினேன் என்று நிரூபித்தால் ஆசிரியர் வீட்டுக்குப் போகலாம். ராஜதுரோகப் பிரிவில் அந்தக் கதவே கிடையாது. எழுதியது நிஜமா பொய்யா என்பது பேச்சே இல்லை. படித்தவனுக்கு சர்க்கார் மேல் வெறுப்பு வருமா, வராதா? அதுதான் கேள்வி. நிஜமாக இருந்தால் வெறுப்பு இன்னும் அதிகமாக வரும். நிஜத்தை எழுதியவனுக்குத்தான் ஆபத்து!

எழுதிக் கொடுத்த உறுதி

நோயாளி உடம்பு காவலைத் தாங்கவில்லை. கடைசியில், இனிமேல் அப்படி எழுதுவதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு சர்க்கார் அவரை விடுதலை செய்தது.

சிங்கம் பணிந்துவிட்டது என்று தீவிரக் கட்சிக்காரர்கள் மனம் வெறுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் இந்தியா பத்திரிகை மீதும் வழக்குப் பாய்ந்தது. பதிவு ஆசிரியர் சீனிவாசனுக்கு 5 ஆண்டு தண்டனை. பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

அய்யர் செய்தது சரியா, தப்பா? ஜெயிலுக்குப் போகாதவர்கள் தீர்ப்புச் சொல்வது சுலபம். உடம்பு புண்ணாகி, கடன் கழுத்தில் தொங்க, 30 ஆண்டாக எழுதிய மனிதர் அவர். அச்சில் வந்த எழுத்துக்கு அவர் பொறுப்பை மறுக்கவில்லை என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

அதற்குப் பிறகு சுதேசமித்திரனில் பழைய வேகம் இல்லை. 1915-ல் பத்திரிகை ஏ.ரங்கசாமி அய்யங்கார் கைக்குப் போனது. அந்த ஆண்டு சென்னை வந்த காந்தியடிகள் அய்யரைப் பார்க்கப் போனார் என்றும், கிட்டே வரத் தயங்கிய நோயாளியின் புண்ணைத் தன் துணியாலேயே துடைத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். 1916 ஏப்ரல் 18-ந்தேதி சுப்பிரமணிய அய்யர் காலமானார்.

இன்றைக்கு என்ன சட்டம்?

அவரைப் பிடித்த 124-ஏ பிரிவை 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1-ந்தேதி புதிய பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது பழைய சட்டத்தோடு அந்தப் பிரிவும் போனது. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து என்று சொல்லி 152-வது பிரிவு அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அவதூறு மட்டும் போகவில்லை. பழைய 499, 500 இப்போது 356-வது பிரிவு. அதே 2 ஆண்டு. சமூக சேவை செய்யச் சொல்லும் தண்டனை மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அவதூறு கிரிமினல் குற்றமாக இருப்பது செல்லும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

ஆனால் அய்யருக்குக் கிடைக்காத ஒரு பாதுகாப்பு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றின் மூலமே வந்தது. ஆட்டோ சங்கர் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது பற்றி நக்கீரன் பத்திரிகை தொடர்ந்த வழக்கில் 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. சர்க்காரோ, நகரசபை போன்ற அமைப்போ தன் பெயர் கெட்டது என்று நஷ்ட ஈடு வழக்குப் போட முடியாது. அதிகாரிகளும் தங்கள் உத்தியோகக் காரியம் பற்றிய விமர்சனத்துக்கு வழக்குப் போட வேண்டுமானால், எழுதியவர் உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் பொய்யை வெளியிட்டார் என்று காட்ட வேண்டும்.

கடைத்தெருவுக்கு எச்சரிக்கை

பத்திரிகைக்காரர்களுக்குத்தானே இதெல்லாம் என்று கடைக்காரர்கள் இருந்துவிட வேண்டாம்.

ஐந்தருவிப் பாதையில் இரண்டு எண்ணெய்க் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தன் கடை வாசலில் நின்று, எதிர்க் கடை எண்ணெய் கலப்படம் என்று பொய்யாகக் கூவினால் அது வாய் அவதூறு. அதையே அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் எழுத்து அவதூறு. கடைப் பெயரைப் போட்டு செல்போனில் பத்து பேருக்கு அனுப்பினாலும் எழுத்துதான். யாரோ அனுப்பியதைத்தான் நான் அனுப்பினேன் என்று சொன்னாலும் பொறுப்பு தீராது.

மூடிய கவரில் அவருக்கு மட்டும் கடிதம் எழுதித் திட்டினால் அவதூறு ஆகாது. மூன்றாவது ஆள் பார்க்கவில்லையே! அதையே போஸ்ட் கார்டில் எழுதினால் ஆபத்து. தபால்காரர் முதல் எல்லோரும் படிக்கலாம்.

பெயர் கெட்டவர் சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்க ஒரே ஒரு ஆண்டுதான் கெடு. அதற்குள் போக வேண்டும். கிரிமினல் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் புகார் மனு கொடுக்க வேண்டும். வாரண்ட் இல்லாமல் போலீசார் இதில் கைது செய்ய முடியாது.

எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது சுருக்கம். தெரிந்ததை எழுதலாம். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பொது நன்மையா, சொந்தப் பகையா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுப்பிரமணிய அய்யர் எழுதியதற்குப் பணத்தைக் கொடுத்தார், உறவைக் கொடுத்தார், கடைசியில் நோய் தீர வந்த குற்றாலத்தில் கையையும் நீட்டினார். முத்துசாமி அய்யரை அன்று தாக்கி எழுதியவர்கள் யார் என்று இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பதில் எழுதக் கடன் வாங்கிய 1 ரூபாய் 12 அணா மட்டும் ஞாபகம் இருக்கிறது.